பாயில் நனைக்கும் பிள்ளைகள்: டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இரவில் படுக்கையை நனைப்பது, பகலில் அடக்க முடியாமல் உடையை நனைப்பது இரண்டும் இதில் உண்டு. ராத்திரிப் பிரச்சினைக்கு வேலை பெரும்பாலும் பகலில்தான் இருக்கிறது. மாத்திரை பற்றிய கேள்விக்கு நேரே தாவுகிறவர்கள், மலச்சிக்கல் பற்றிய பதிலை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள்.

பையனுக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் பாயிலேயே ஒண்ணுக்குப் போறான். இது நோயா?

5 வயது நிரம்பாத பிள்ளை ராத்திரி நனைப்பதை மருத்துவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 5 வயதில் நூற்றில் சுமார் 15 பிள்ளைகள் நனைக்கிறார்கள். 10 வயதில் அது சுமார் 5 ஆகக் குறைகிறது. ஆண் பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரு மடங்கு. நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 15 பேர் எந்த வைத்தியமும் இல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் உங்கள் பையன் வகுப்பிலேயே இன்னும் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

‘வளர வளரச் சரியாயிடும்’ என்று பத்து வயது வரை காத்திருப்பதும் சரியில்லை. வாரத்தில் ஓரிரு நாள் நனைக்கிற பிள்ளைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். தினமும் நனைக்கிற பிள்ளைக்குத் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. 6 வயதுக்கு மேல், பிள்ளைக்கே இது வெட்கமாக இருக்கிறது என்றால் வேலையைத் தொடங்கலாம்.

வேணும்னே செய்யறானோன்னு தோணுது. எழுந்து போக சோம்பேறித்தனமா?

இல்லை. மூன்று காரணங்கள் தனித்தனியாகவோ சேர்ந்தோ வேலை செய்கின்றன. ஒன்று, இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. பகல் அளவுக்கே ராத்திரியும் சிறுநீர் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு, சிறுநீர்ப்பை சின்னதாக இருக்கிறது, அல்லது நிறைவதற்குள் சுருங்கிவிடுகிறது. மூன்று, பை நிறைந்த செய்தி போனாலும் மூளை விழிப்பதில்லை. இந்தப் பிள்ளைகளை உலுக்கி எழுப்பினாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாய்வதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

குடும்பவழியும் உண்டு. பெற்றோரில் ஒருவர் சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 44. இருவரும் என்றால் 77. இருவருமே இல்லையென்றால் 15. ஆகவே பையனைத் திட்டுவதற்கு முன்னால் அப்பாவை அவருடைய அம்மாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இந்த ரகசியம் சீக்கிரம் வெளியே வந்துவிடும். ‘எனக்கும் இருந்துச்சுடா, எட்டு வயசுல நின்னுபோச்சு’ என்று அப்பா வாயால் கேட்டால் பாதிப் பாரம் பையனுக்கு இறங்கிவிடும்.

அடிச்சா, தெருவுல நிக்க வெச்சா நிக்கும்னு மாமியார் சொல்றாங்க. காலில் சூடு வைக்கறதும் உண்டாமே?

தூக்கத்தில் நடப்பதற்கு விழிப்பில் தண்டனை கொடுத்து எதுவும் மாறாது. நனைந்த பாயைப் பிள்ளையின் தலையில் வைத்து நிறுத்துவது, அக்கா தங்கை முன்னால் கேலி செய்வது, ஈரத்தோடு உட்காரவைப்பது இவையெல்லாம் பிள்ளையை மறைக்கப் பழக்கும். ஈரத் துணியைக் கட்டிலுக்கடியில் திணித்துவைக்கும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். சூடு வைப்பது குற்றம், புண் சீழ்பிடிக்கும். பக்கத்து வீட்டில் அப்படி நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

காலையில் ஈர விரிப்பை வாளியில் போடுவதில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது வேறு. திட்டாமல், முகம் சுளிக்காமல், பல் தேய்ப்பதுபோல ஒரு வேலையாகச் செய்யச் சொல்லலாம். பரிசு கொடுப்பதானால் காய்ந்த ராத்திரிக்குக் கொடுக்காதீர்கள். அது பிள்ளையின் கையில் இல்லை. படுக்கப்போகும் முன் டாய்லெட் போனதற்கு, பள்ளியில் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்ததற்குக் கொடுங்கள்.

எந்தெந்த அடையாளம் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போகவேண்டும்?

திடீரென்று அதிக தாகம், நிறைய சிறுநீர், எடை குறைவது, ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது: இது முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது இருந்தால் நேரே அவசரப் பிரிவு, 108 கூப்பிடுங்கள். ‘எறும்பு வரலையே’ என்று தைரியப்படவும் வேண்டாம். எறும்பு வந்தால் அது துப்பு. வராவிட்டால் அதற்குப் பொருள் ஏதுமில்லை.

ஆண் பிள்ளைக்கு முக்கி முக்கிப் போவது, தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக வருவது, பெண் பிள்ளைக்கு நாள் முழுக்க ஜட்டி ஈரமாகவே இருப்பது (சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் திறந்திருக்கலாம்), சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், நடை தள்ளாடுவது, முதுகுத்தண்டின் அடியில் குழி, முடிக்கற்றை அல்லது கட்டி இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை கட்டாயம்.

ஒரு வருஷமா நின்னுபோச்சு. இப்ப மறுபடி தொடங்கியிருக்கு. ஏன்?

6 மாதத்துக்கு மேல் காய்ந்திருந்து மீண்டும் தொடங்கினால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள். குறட்டை விட்டு, வாய் திறந்து தூங்குகிற பிள்ளைக்கு மூக்கடிச் சதை, டான்சில் வீக்கம் காரணமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சி. பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை ஒரு வேளையோடு இதற்குப் போதாது; இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்கவேண்டி வரும், வீட்டில் எல்லோருக்கும்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் வீட்டைப் பாருங்கள். தம்பி பிறந்தது, அப்பா சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பிப் போனது, பள்ளி மாறியது, புயலில் முகாமில் தங்கியது, வீட்டில் ஓயாத சண்டை. இதோடு குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே பயம், பிறப்புறுப்பில் வலி, திடீர் மௌனம் சேர்ந்தால் பாலியல் தொந்தரவையும் நினைவில் வையுங்கள். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். 1098 இதற்கும் பொருந்தும்.

டாக்டர் மலச்சிக்கலைத்தான் முதலில் கேட்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதில் மலம் கட்டிப்போய் உப்பினால் முன்னால் இருக்கும் பையை அழுத்தும். பையின் கொள்ளளவு குறையும், நினைத்த நேரத்தில் சுருங்கும், முழுக்கக் காலியாகாது. மிச்சம் நிற்கும் சிறுநீரில் தொற்றும் வரும். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே நனைப்பது குறைந்துவிடும் பிள்ளைகள் கணிசம். அதைச் சரிசெய்யாமல் அலாரம் (நனைந்ததும் ஒலிக்கும் கருவி), மாத்திரை என்று போனால் காசுதான் போகும்.

‘தினமும் போறானே’ என்பது போதாது. ஆட்டுப் புழுக்கைபோல உருண்டையாகவா, மேலே வெடித்த தடித்த கட்டியாகவா, வழவழப்பான வாழைப்பழம்போலவா? முதல் இரண்டும் சிக்கல். டாய்லெட் அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக வந்தாலும் சிக்கல்தான். ஜட்டியில் கூழ்போலக் கறை படிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு. உள்ளே கட்டி அடைத்திருக்க, பக்கவாட்டில் கசிவதுதான் அது. வயிற்றுப்போக்கு மருந்து அதை இன்னும் இறுக்கும்.

செய்யவேண்டியது: காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் 5 முதல் 10 நிமிடம் டாய்லெட்டில் உட்காரவையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். இதற்காகப் பள்ளி வேன் வருவதற்கு அரை மணி முன்னதாக எழவேண்டி வரும், வேறு வழியில்லை. குந்தி உட்காரும் டாய்லெட் இதற்கு மிகவும் வசதி. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி; கால் தொங்கினால் அடிவயிற்றுத் தசை தளராது. கொய்யா, பூவன் பழம், கீரைத்தண்டு, அவரை, பாசிப்பயறு தினமும் வரட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து டம்ளர் பால் குடித்துவிட்டுச் சோற்றைத் தள்ளுகிற பிள்ளைக்குப் பாலைக் குறையுங்கள்.

ஏற்கெனவே கட்டிப்போயிருந்தால் பழத்தால் மட்டும் இளகாது. லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ, எடைக்கேற்ப மருத்துவர் கொடுப்பார். தவறு நடப்பது இங்கேதான்: நான்கு நாளில் வயிறு இளகியதும் நிறுத்திவிடுகிறார்கள். உப்பிய குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதம் ஆகும். அதுவரை குறைந்த அளவில் தொடர வேண்டும். பழக்கமாகிவிடும் என்ற பயம் இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது.

சாயங்காலத்துக்கு மேல தண்ணியே கொடுக்காம இருந்தா?

இது எல்லாரும் முதலில் செய்வது. பெரும்பாலும் தப்பாகச் செய்வது. பல பிள்ளைகள் காலையில் ஒரு காபி, பள்ளியில் அரை பாட்டில் என்று காய்ந்து கிடந்து, நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். அதில் கைவைத்தால் தாகத்தோடு படுப்பார்கள், மலமும் இறுகும். குறைவான, கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுவதற்கும் 4 முதல் 8 வயதுக்கு 1,000 முதல் 1,400 மி.லி. வரை, 9 முதல் 13 வயதுக்கு பெண்களுக்கு 1,200 முதல் 2,100, ஆண்களுக்கு 1,400 முதல் 2,300 என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அவை குளிர் நாட்டுக் கணக்கு. சித்திரை வைகாசியில் வயலோரம் ஆடுகிற பிள்ளைக்குக் கூடவே வேண்டும். இதில் ஐந்தில் இரண்டு பங்கு காலையில், இரண்டு பங்கு மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் இடையில், ஒரு பங்குதான் இரவில். கடைசியாகக் குடிப்பது படுப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி முன்பு.

ராத்திரிச் சாப்பாட்டையும் பாருங்கள். தட்டு நிறைய ரசம் சோறு, கஞ்சி, மேலே ஒரு டம்ளர் பால், வெயில் காலத்தில் தர்பூசணி, நுங்கு, இளநீர் எல்லாமே தண்ணீர்தான். இட்லி, தோசை, சப்பாத்தி கொடுத்துவிட்டுப் பழத்தை மாலை நாலு மணிக்கு மாற்றிவிடலாம். காபி, டீ, கோலா பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம். கும்பகோணம் பக்கம் இதைச் சொன்னால் ‘ஒரு வாய்தானே’ என்பார்கள். அந்த ஒரு வாயிலும் காஃபின் உண்டு.

பகலிலும் நனைக்கிறாள். கால் மேல் கால் போட்டு நெளிவாள், கேட்டால் ‘வரலை’ என்கிறாள்.

கால்களைப் பின்னிக்கொள்வது, குதிகாலை அடியில் கொடுத்துச் சப்பென்று உட்காருவது, நின்ற இடத்திலேயே ஆடுவது எல்லாம் அடக்கும் வித்தைகள். விளையாட்டின் சுவாரஸ்யத்தில் அடக்குவார்கள். பள்ளி டாய்லெட்டில் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, நாற்றம் என்று காலை 8 முதல் 4 வரை அடக்குகிற பிள்ளைகள் அதிகம், பெண் பிள்ளைகள் குறிப்பாக. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. இப்படி அடக்கிப் பழகிய பை, ஒரு கட்டத்தில் முன்னறிவிப்பில்லாமல் அவசரம் காட்டத் தொடங்கும்.

‘வருதா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் ‘வரலை’தான் பதில். கடிகாரத்தைப் பார்த்து அனுப்புங்கள்: எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன், முற்பகல் இடைவேளை, மதியச் சாப்பாட்டு நேரம், வீட்டுக்கு வந்ததும், டியூஷனுக்கோ விளையாடவோ போகும் முன், படுக்கும் முன். இது ஏழு முறை. போகும்போது ஜட்டியை முழங்கால் தாண்டி இறக்கி, முட்டியை அகட்டி, அவசரப்படாமல், முழுக்க முடியும்வரை இருக்க வேண்டும். எழுந்து வந்த பத்து நிமிடத்தில் பெண் பிள்ளையின் ஜட்டியில் சில துளி ஈரம் என்றால், முட்டியைச் சேர்த்து உட்கார்ந்ததால் சிறுநீர் உள்ளே தேங்கிப் பிறகு வடிகிறது. உட்காரும் முறையை மாற்றினாலே நிற்கும். கழுவுவது முன்னிருந்து பின்.

வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்: கேட்டபோது அனுப்ப வேண்டும், வகுப்பு நடுவே காரணம் விசாரிக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பையில் ஒரு மாற்று உடையும் கெட்டியான பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். பகல், இரவு இரண்டிலும் நனைத்தால் பகலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

டாக்டர் ‘டைரி எழுதிட்டு வாங்க’ என்றார். என்ன எழுதுவது?

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும். 7 ராத்திரி: நனைந்ததா இல்லையா, எத்தனை மணிக்கு, திட்டு உள்ளங்கை அளவா பாய் முழுக்கவா, அன்று மலம் கழித்தானா. பள்ளி இல்லாத 2 நாளில்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான், எத்தனை மணிக்கு எவ்வளவு போனான்.

அளப்பதற்குத் தனிச் சாமான் வேண்டாம். பழைய பால் புட்டியில் மி.லி. கோடு இருக்கும். அதனால் 50, 50 ஆகத் தண்ணீர் ஊற்றி, ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கின் வெளிப்பக்கம் மார்க்கரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த மக்கை டாய்லெட்டிலேயே தனியாக வையுங்கள். குளிக்கிற வாளிப் பக்கம் வந்துவிடக் கூடாது.

வயதோடு 1 கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் சிறுநீர்ப்பைக் கொள்ளளவு மி.லி.யில் கிடைக்கும். 7 வயதுக்கு 8 x 30 = 240. 12 வயதுக்கு 390; அதற்குமேல் இந்தக் கணக்கு வேண்டாம். எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை விட்டுவிட்டு, பகலில் ஒரு தடவையில் போன அதிகபட்ச அளவைப் பாருங்கள். அது 150-ஐத் தாண்டவில்லை என்றால் 7 வயதுப் பிள்ளைக்குப் பை சின்னது.

ராத்திரி அளவுக்கு, சில நாள் டயப்பர் போட்டு, காய்ந்தபோது எடை, காலையில் எடை. வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மி.லி. அதோடு காலையில் முதலில் போனதைக் கூட்டுங்கள். எதிர்பார்க்கும் கொள்ளளவில் 130 சதவீதத்துக்கு மேல், அதாவது 7 வயதுக்கு 312 மி.லி.யைத் தாண்டினால், ராத்திரி உற்பத்தி அதிகம். அலாரமா மாத்திரையா என்ற முடிவு இந்த இரண்டு எண்ணில்தான் நிற்கிறது. அதனால் டைரி இல்லாமல் போனால் மருத்துவரும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

நடுராத்திரி தூக்கிட்டுப் போய் விடறோம். சரியா?

அன்றைய பாய் காயும். பிள்ளை எதையும் கற்காது. கண்ணை மூடிக்கொண்டே போகிற பிள்ளை தூக்கத்திலேயே போகப் பழகுகிறது. கல்யாண வீடு, பஸ் பயணம் என்று ஓரிரு நாளுக்குச் செய்யலாம். செய்தால் முழுக்க விழிக்க வைத்து, தானே நடந்துபோக விடுங்கள். தினம் ஒரே மணிக்குச் செய்யாதீர்கள்.

டாய்லெட் கொல்லையில் இருக்கிறது. இருட்டில் போக பயப்படுகிறான்.

நியாயமான பயம். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டுக்கு வரும். பிள்ளையைத் தைரியசாலியாக்க இது நேரமில்லை. அறைக்குள்ளோ தாழ்வாரத்திலோ மூடியுள்ள ஒரு வாளி வைத்து, பாயிலிருந்து அங்கே போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கரண்ட் போனால் எடுக்கத் தலைமாட்டில் டார்ச். கொசுவலையை எப்படித் தூக்கிக்கொண்டு வெளியே வருவது என்று பகலில் இரண்டு முறை பழக்குங்கள். வலைக்குள் சிக்கித் திணறும்போதே நனைத்துவிடும் பிள்ளைகள் உண்டு.

அலாரம் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்யும்?

ஜட்டியில் செருகும் ஒரு சின்ன உணரி, சட்டையில் மாட்டும் ஒலிப்பான். முதல் துளி பட்டதும் அலறும். நீண்ட நாள் பலன் என்று பார்த்தால் இதுதான் நல்ல வழி: ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நிற்கிறது. ஆனால் இது பெற்றோருக்கு உழைப்பு. 6, 7 வயதுக்கு மேல், பிள்ளைக்கே விருப்பம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நனைப்பவர்களுக்கு இது தேவையில்லை.

முதல் வாரங்களில் ஒலிப்பான் அடிக்க வீடே எழும், பிள்ளை மட்டும் எழாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் படுத்து, உடனே எழுப்ப வேண்டும். ஒலியைப் பிள்ளைதான் நிறுத்த வேண்டும். பிறகு நடந்து போய் மிச்சத்தை விட்டுவிட்டு, உடை மாற்றி, உணரியைத் துடைத்து மீண்டும் செருகிப் படுக்க வேண்டும். நீங்களே ஒலியை நிறுத்திவிட்டால் அந்த ராத்திரி வீண். எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கிற வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதிர்வு வகை வாங்குங்கள். கோடையில் வியர்வை பட்டும் அடிக்கும்; உணரிக்கும் தோலுக்கும் நடுவே இன்னொரு ஜட்டி இருந்தால் இது குறையும்.

4 வாரத்தில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும்: திட்டு சிறுத்திருக்கும், முன்பு 11 மணிக்கு அடித்தது 3 மணிக்கு அடிக்கும், சத்தத்துக்குத் தானே எழுவான். ஒன்றுமே இல்லையென்றால் நிறுத்தி மருத்துவரிடம் பேசுங்கள். அசைவு இருந்தால் தொடர்ந்து 14 ராத்திரி காயும்வரை, பொதுவாக 2 முதல் 4 மாதம், விடாமல் போட வேண்டும். திருவிழா, லீவு என்று வாரத்தில் மூன்று நாள் விட்டால் பலன் இருக்காது. நின்ற பிறகு மீண்டும் வந்தால் திரும்பப் போடலாம். இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மாத்திரை ஏதும் இல்லையா?

டெஸ்மோபிரெசின். ராத்திரி உற்பத்தி அதிகமுள்ள, பை சரியான அளவில் உள்ள பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்யும். படுப்பதற்கு ஒரு மணி முன்பு 0.2 மி.கி.; போதாவிட்டால் மருத்துவர் 0.4 ஆக்குவார். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே 3 மாதம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. மாத்திரைக்கு ஒரு மணி முன்பிலிருந்து 8 மணி நேரம் கழியும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, மிஞ்சிப்போனால் ஒரு வாய். நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாள், வெயிலில் ஆடிவிட்டு வந்து குடித்துக்கொண்டே இருக்கும் நாள், அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுங்கள். இதே மருந்தின் மூக்கு ஸ்பிரேயைப் படுக்கை நனைப்பதற்குத் தரவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-லேயே சொல்லிவிட்டது.

பை சுருங்கும் கோளாறுக்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுப்பதுண்டு. அது மலத்தை இறுக்கும், வியர்வையைக் குறைக்கும்; அக்னி நட்சத்திர நாட்களில் கவனம். இமிப்ரமின் பழைய மருந்து. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் என்பதால் கடைசி வழியாகத்தான் தருகிறார்கள். வீட்டில் இருந்தால் பூட்டிவையுங்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

எள்ளுருண்டை, தாயத்து, மந்திரிப்பு?

எள்ளுருண்டை சத்தான தின்பண்டம், தரலாம். நனைப்பதை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவதால் உடம்புக்குக் கேடில்லை. அதை நம்பிச் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால்தான் கேடு. பேர் தெரியாத செந்தூரம், பற்பம் எதையும் தராதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மெத்தை காயவே மாட்டேங்குது. நாற்றம் தாங்கலை.

இலவம்பஞ்சு மெத்தைக்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் அடைமழையில் அது காயாது. பஞ்சு கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். இறங்கவே விடாமல் தடுப்பதுதான் வழி. மெத்தைமேல் ரெக்சின் அல்லது ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த பழைய பருத்திச் சேலை, அதன்மேல் விரிப்பு. இதற்கும் மேலே இன்னொரு ரெக்சின், சேலை, விரிப்பு போடுங்கள். ராத்திரி நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவி எடுத்தால் கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட்டு எல்லோரையும் எழுப்ப வேண்டாம். ரெக்சின்மேல் நேரே படுக்கவிட்டால் வியர்த்து வேர்க்குரு வரும்.

கோரைப்பாய் ஈரம் குடித்துக் கறுத்துவிடும். இந்த மாதங்களில் பிளாஸ்டிக் பாய் நல்லது. நனைந்த துணியை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், சோப்பு பிறகு. கிடக்க விட்டால் யூரியா அம்மோனியாவாக மாறும். மூக்கைப் பிடிக்கும் நெடி அதுதான். அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு ஊறவைத்தால் நெடி குறையும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள்; நச்சு வாயு வரும்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் இடுப்புக்குக் கீழாவது சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். தொடை சிவந்திருந்தால் நன்றாக ஒற்றித் துடைத்து, ராத்திரி படுக்கும் முன் வாசலின் பூசலாம்.

சிரிச்சா மட்டும் போயிடுது. இன்னொருத்தன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடறான்.

சிரிக்கும்போது மட்டும் பை முழுக்கக் காலியாவது தனிக் கோளாறு, பெண் பிள்ளைகளிடம் அதிகம்; வயது ஏற ஏறக் குறையும். விளையாடப் போகும் முன் பையைக் காலிசெய்துகொள்வது உதவும்.

4, 5 வயதுப் பிள்ளை திடீரென்று பகலில் இருபது முப்பது முறை ஓடி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகப் போய், தூங்கியதும் அது நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரையும் தொற்றும் இல்லையென்று பார்த்துக்கொண்டு விட்டுவிடுங்கள். வாரங்களில், சில சமயம் மாதங்களில், தானாகப் போகும்.

எங்கே காட்டுவது? என்னென்ன டெஸ்ட்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது குழந்தை மருத்துவர். ராத்திரி மட்டும் நனைக்கிற, மற்றபடி நலமான பிள்ளைக்குச் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே போதும்: சர்க்கரை, புரதம், தொற்று. ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டாம். பகலிலும் நனைத்தால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால், தாரை மெலிந்தால் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்து, சிறுநீர் போனபிறகு பையில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குமேல் தேவைப்பட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு எழுதித் தருவார்கள். பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது வேண்டாம்.

ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் சேர்க்கணும். இன்னும் வாரம் ரெண்டு நாள் நனைக்கிறான்.

சேர்க்கைக்கு நான்கு மாதம் முன்பே, பிப்ரவரி வாக்கில், வேலையைத் தொடங்கினால் மலம், தண்ணீர் நேரம், தேவைப்பட்டால் மருந்து எல்லாவற்றையும் முயன்றுபார்க்க நேரம் இருக்கும். ஏப்ரல் கடைசியிலும் நிற்கவில்லையென்றால் டெஸ்மோபிரெசின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதை வீட்டில் இருக்கும்போதே சில வாரம் கொடுத்து அளவைச் சரிபார்த்துவிட வேண்டும். ஹாஸ்டலில் முதல்முறையாகத் தொடங்கக் கூடாது. வார்டனிடம் மாத்திரையையும் தண்ணீர் விதியையும் எழுதிக் கொடுங்கள், மாத்திரை அவரிடம் இருக்கட்டும். கீழ்க் கட்டில், டாய்லெட்டுக்குப் பக்கத்து வரிசை, எல்லோருக்கும் முன்னால் எழ ஓர் அதிர்வுக் கைக்கடிகாரம், கறுப்பு நிறத்தில் இரண்டு இரவுக் கால்சட்டை, போர்வைக்கு அடியில் தெரியாதபடி ஒரு மெல்லிய ரெக்சின். உறிஞ்சும் ஜட்டி பெரிய அளவிலும் மருந்துக் கடையில் கிடைக்கிறது; முதல் மாதத்துக்கு ஒரு கட்டு பெட்டியின் அடியில் வைத்து அனுப்புங்கள்.